தலைவர் படம் போட்ட சீட் கவர்

ஹலோ… ஆங், சொல்லுங்க ஸ்தனிஸ்லாஸ் அண்ணா, அருள்ராணி தான் பேசறேன்… ஆமா, ஆமா, சேலத்துல இருந்து பார்சல் காலையிலயே பொம்மிடிக்கு வந்துருச்சு. பன்னெண்டு வண்டிக்கும் சீட் கவர் சரியா இருக்குது… குரூப்புல போட்ட போட்டோவப் பாத்தீங்களா? நல்லா வந்துருக்குது இல்ல?…

ஏங்கண்ணா, உங்க மொகம் தெளிவாத்தானே இருக்குது. மீசைய ஒண்ணு ஒண்ணா எண்ணலாம்…

எடமா? எடத்துக்கு என்னா?… ஆமா, உக்கார்ற எடத்துல தான் இருக்குது. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. வண்டிக்கு நாலு ஸ்தனிஸ்லாஸ்…

கத்தாதீங்கண்ணா, கேக்குது… நான் ஒண்ணும் பண்ணல. நான் குடுத்த டிசைன் என்னா? வத்தல்மலை ரோடு. அந்த வளைவு அத்தனையும் சீட்டுல வரணும், ரோட்டு மேலயே உக்காந்து போற மாதிரி இருக்கணும்னு நாலு நாளு வரைஞ்சேன். நம்ம பழைய மாருதி கார் சங்கத்துல எல்லாரும் சரின்னாங்க. சங்கத் தலைவர் நீங்களுந்தான் சரின்னீங்க…

அப்புறம் எனக்குத் தெரியாம சேலத்துக் கடைக்காரருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டது யாரு?… போடவே இல்லையா? அத அவரே எனக்கு அனுப்பிட்டாருங்கண்ணா. அந்தம்மா கிறுக்குனதத் தூக்கிட்டு, அந்த எடத்துல தலைவர் போட்டோவ வைங்கன்னு உங்க கொரல் தான் பேசுது… அவரு என்னா பண்ணுவாரு? நீங்க சொன்ன எடத்துல தான் வெச்சிருக்காரு. அந்த எடம் எதுன்னு படத்த ஒரு தடவ பாத்திருக்கலாம் இல்ல…

கஷ்டமா இருக்குதா? எனக்கும் தான் இருந்துது. கிறுக்கல்னு கேட்டப்ப அழுகையே வந்துருச்சு… இல்ல, இப்ப இல்ல. காலையில பார்சலப் பிரிச்சதும் சரியாப் போச்சு.

திருப்பி அனுப்பறதா? எப்புடீங்க? எல்லாரும் வாங்கிட்டுப் போயி மாட்டிட்டாங்களே… தமிழ்ச்செல்வன் தான் மொதல்ல. சீட் கவரே வேணாம்னு அடம் புடிச்சவரு, இதப் பாத்ததும் இன்னொரு செட்டு கெடைக்குமான்னு கேக்கறாரு… மரியாததாண்ணா, எல்லாம் உங்க மேல இருக்கற மரியாத…

ஞாயித்துக்கெழமையா? ஆமா, பன்னெண்டு வண்டியும் வரிசையா தீர்த்தமலைக்குப் போறோம்… ஓ, கொடியசைக்க உங்க சம்மந்தியக் கூப்புட்டிருக்கீங்க இல்ல? ஓசூர்ல இருந்து வர்றாரா… அவர நிக்க வெச்சா கூட்டிட்டுப் போக முடியும்? உக்காரத்தானே வேணும்… துண்டு விரிச்சா அவரு துண்டத் தூக்கிப் பாக்க மாட்டாரா?…

சரி, சரி, பதறாதீங்க. ஒரு வழி சொல்றேன். அருள்ராணியக் கேக்காம மாத்துனது நாந்தான், தப்புதான், மன்னிச்சுக்கன்னு குரூப்புல எழுதுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள நான் வரைஞ்ச ரோட்டப் போட்டு வேற கவர் அடிக்கச் சொல்லிக் கடைக்காரர நானே கேக்கறேன்… முடியாதா?… தலைவர் மன்னிப்புக் கேக்கக் கூடாதா? எந்தச் சட்டத்துல இருக்குது?… சரிங்க. அப்ப அப்படியே இருக்கட்டும்.

என்னாது, உங்க வண்டிக்கு மட்டும் மாட்ட வேணாமா? சம்மந்திய அதுல ஏத்திக்கறீங்களா? நல்ல யோசனதான்… ஆனா லேட்டுங்கண்ணா. மாட்டியாச்சு… ராஜமேரி அண்ணிதான். அவங்களே ஓட்டிட்டு வந்தாங்க… மாதா கோயிலுக்குப் போறேன்னா சொன்னாங்க? இங்கதான் வந்தாங்க.

நான் எடுத்துச் சொன்னேண்ணா. பாருங்கண்ணி, அண்ணன் மொகம், வேணாம்னா கழட்டிடலாம்னு சொன்னேன்… அவங்களா? ஏறி, நல்லா அழுத்தி உக்காந்தாங்க. அப்புறம், கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல இன்னிக்குத்தான் இந்த மனுசன் வாய மூடிட்டு இருக்காருன்னாங்க…

ஹலோ?… அண்ணா?… ஹலோ…