நடுக்குரல்காரியின் கைப்பை

டாக்டர் எவ்வளவு திட்டினாலும் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை இல்லாமல் எனக்கு இறங்காது. நீங்களும் குடியுங்கள். எங்கள் குழு ஐம்பது வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று ரேடியோவுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே.

மூன்று பெண்கள் பாடினோம். ஜபுலிலே முன்குரல், டுடுசிலே மேல்குரல், நான் நடுக்குரல். சோளக்களியில் உப்பு மாதிரி. இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். மேடைக்கு மணிப்பாவாடை கட்டுவோம். அதில் எதையும் வைத்துக்கொள்ள இடமில்லை. நடமாட அனுமதி தரும் பாஸ் புத்தகங்கள், மூவருடையதும், என் கைப்பையில்தான் இருக்கும். பாடத்தான் வராது, பத்திரமாக வைக்கவாவது வரட்டும் என்று என்னிடம் கொடுத்திருந்தார்கள். அந்த வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் கறுப்பர்கள் பாஸ் இல்லாமல் தெருவில் நின்றால் போலீஸ் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

ஒரு ஜூலை மாதம், எங்களுக்கு அது நடுக்குளிர்காலம், சொவேட்டோவில் சனிக்கிழமை மதிய ஆட்டம் முடிந்திருந்தது. திங்களன்று எங்கள் முதல் இசைத்தட்டுப் பதிவு. ஜபுலிலேவுக்குப் பசி.

"சோன்டோக்கா, முக்குல மக்வின்யா உருண்டை பொரிக்கிறாங்க. உனக்கும் ரெண்டு வாங்கியாரவா?"

"பாஸை எடுத்துட்டுப் போடி."

"எண்ணெய்க் கையோட அதைத் தொடவா? அஞ்சு நிமிஷந்தானேக்கா."

பத்தாவது நிமிடம் வாசலில் ஒரு கான்ஸ்டபிள். கறுப்பர், நம் ஆள்தான்.

"இந்தப் பொண்ணோட பாஸ் உங்ககிட்ட இருக்காமே. நெசமா?"

வண்டியின் கம்பிவலைக்குப் பின்னால் ஜபுலிலே நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் பயம் தெளிந்து சிரித்தாள்.

பை என் கக்கத்தில் இருந்தது. "எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்களே. இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது" என்றேன்.

இருவரும் ஒரே மணிப்பாவாடையில் இருந்தோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான். கான்ஸ்டபிள் அவள் பாவாடையைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரே ஒரு பதிவில் முன்குரல் பாட ஆசைப்பட்டேன். திங்கள் மாலையே பாஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாக இருந்தேன். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது தெரியும். மருந்தும் அதே பையில்தான் இருந்தது. லாக்கப்பில் சிமெண்டுத் தரை, குளிர் வேறு. ஞாயிறு மத்தியானம் செத்துப்போனாள். அவள் பாஸையும் மருந்தையும் கரியடுப்பில் போட்டுவிட்டு, தொண்டைக்கு வெந்நீர் வைத்தேன்.

பதிவு நடந்தது. என் முன்குரல் ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று டுடுசிலே அழுதாள். ஆனால் தட்டு வாரக்கணக்கில் விற்றுத் தள்ளியது. ஜபுலிலேவின் நினைவுக்காகத்தான் வாங்கினோம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். அது சும்மா பேச்சு. குரல் பிடிக்காமலா அத்தனை பேர் வாங்குவார்கள்.