கலங்கல் மேல் அறுபத்திரண்டு மூட்டை

1978, கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகால். தூறல். வாடைக்காற்று.

ஏரிக்கரை மேல் ஓடுகிறோம். கல் விழுகிறது. தண்ணீரில் விழுந்தால் 'தொபக்'. கரையில் விழுந்தால் சத்தமே இல்லை; சேறு விழுங்கிவிடும். மண்டையில் விழுந்தால் தேங்காய் உடைகிற சத்தம். மூன்றையும் கேட்டேன்.

"கரை மேல நிக்காதீங்கடா! எறங்குங்க! எறங்கி ஓடுங்க!"

கத்தியது என் தம்பி ஆறுமுகம். அவன் இறங்கவில்லை.

சண்டை கலங்கலுக்காக. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல்கட்டுதான் கலங்கல். அதன் மேல் எங்கள் ஊர் அறுபத்திரண்டு மணல் மூட்டை அடுக்கியது. ஏரியில் ஓரடி கூடுதலாக நின்றால் எங்களுக்கு இரண்டாம் போகம். அதே ஓரடியில் ஏரிக்கு மேற்கே, தண்ணீர் ஏறுகிற பக்கம் இருக்கிற ஊரின் நெல் மூழ்கும். மூழ்கியது. மூட்டையைப் பிடுங்க வந்தார்கள். கடப்பாரையோடு வந்தார்கள்.

இரண்டு ஊருக்கும் ஒரே அம்மன். முந்தின நாள் எங்கள் ஆட்கள் அவள் முன் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். அவர்களும் அங்கேயே, அதே பூசாரியிடம். அவன் இரண்டு பக்கமும் தட்டை நீட்டினான். தடி ஓங்கும்போது இவர்கள் "தாயே!" அவர்களும் "தாயே!" கண்ணை மூடினால் எவன் எந்த ஊர் என்று தெரியாது.

ஆறுமுகத்துக்குப் பின்மண்டையில் அடி. கரைக்குக் கீழே ஒரு கல்மண்டபம். சாமி இல்லாதது, ஆடு கட்டும் இடம். இழுத்துப்போய்க் கிடத்தினேன். தலையை மடியில் வைத்தேன். வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். புழுக்கை நாற்றம். ரத்தம் நிற்கவில்லை. வெளியே கூச்சல். போக வழியில்லை.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். அப்போது வயது அறுபத்தொன்று. தினமும் அம்மன் பெயரை நூற்றெட்டு முறை சொல்கிறவன். விரல் கணுவில் எண்ண ஆரம்பித்தேன். பதினேழில் ஆறுமுகம் கண்ணைத் திறந்தான்.

"அந்தப் பேரச் சொல்லாதண்ணா. அதச் சொல்லிக்கினுதான் என்ன அட்ச்சானுங்க."

"பேசாதடா."

"நீயும்தான். இங்கயும் இன்னா கணக்கு, வாத்தியாரே? சும்மா குந்து."

சிரித்தான். உதட்டோரம் ரத்தம்.

சும்மா உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை. கூரைக் கல்லிலிருந்து சொட்டு விழுகிறது. எண்ணவில்லை. அவன் மூச்சு வருகிறது, போகிறது. எண்ணவில்லை. என் பயம் எப்போது போனது என்று தெரியாது. எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு மடி தாங்கியது. யாருடையது என்று நான் பெயர் கேட்கவில்லை. மனப்பிரமை என்பார்கள். சொல்லட்டும். அவர்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

மூச்சு எத்தனை மணிக்கு நின்றது? உத்திரமேரூரில் போலீஸ் கேட்டது. கடிகாரம் கையில்தான் இருந்தது. பார்க்கவில்லை என்றேன்.

அன்று இரவு மழை கொட்டியது. மூட்டைகள் எல்லாம் வெள்ளத்தோடு போயின. தை மாதம் சமாதானக் கூட்டம். அம்மன் கோயிலில் ஆடு வெட்டி இரண்டு ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. எனக்கும் இலை போட்டார்கள். தம்பியை அடித்தவன் எதிர் இலையில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். எழுந்து மண்டபத்துக்கு வந்தேன். புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். இன்றும் காலையில் அங்கேதான். கற்பூரம் இல்லை. சத்தம் இல்லை. அந்த மடி வருகிறது.

யாரும் மறக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் செத்தவர் இருவர். அவர்கள் ஊரில் ஒருவர். பார்வை போனவர் ஒருவர். கை கால் முறிந்தவர் பதினொருவர். ஜெயிலுக்குப் போனவர் எவருமில்லை. எனக்குப் போனது ஒன்று. ஆறுமுகம். வயது நாற்பத்தாறு.