ரினாத் பார்த்த கோடு

— சறுக்கு ஷூவைக் கழட்டிட்டேன் ரினாத். இனிமே நீ தாராளமா ஐஸைச் சமப்படுத்தற வண்டிய எடுக்கலாம்.

— இன்னும் அரை மணி நேரம் இருக்கே நோன்னா அர்காதியெவ்னா. ஹாக்கிப் பசங்க எட்டு மணிக்குத்தானே வருவானுங்க. இருபத்தெட்டு வருஷமா நான் இங்க ஐஸ் போடறேன், நீங்க ஒரு நிமிஷம் முன்னாடி இறங்கிப் பார்த்ததே இல்ல. மணி அடிச்சாலும் இன்னும் ஒரே ஒரு சுத்துன்னு நம்ம வண்டிக்குக் குறுக்கே வந்து நிப்பீங்க.

— அது இடுப்பு நல்லா இருந்தப்போ. இன்னிக்கு நாலு சுத்து சும்மா சறுக்கிட்டு இறங்கிடறேன்னு டாக்டர்கிட்ட வாக்குக் குடுத்தேன். சறுக்கினேன், இறங்கிட்டேன். அவ்வளவுதான்.

— டாக்டர் என்னதான் சொன்னாரு?

— சொன்னா. பொம்பளை டாக்டர், சின்னப் பொண்ணு. எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினா. எலும்பு ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. இன்னொரு தடவை விழுந்தா அப்புறம் எழுந்திருக்கற வேலையே இல்லையாம், படுத்த படுக்கைதானாம். ஆணி அடிச்சு நிறுத்த முடியாதான்னு கேட்டேன். ஆணி பிடிக்கறதுக்கு எலும்பு வேணுமேன்னா.

— அட போங்க. டாக்டருங்க எல்லாரும் அப்படித்தான் பயமுறுத்துவாங்க. என் மச்சானைப் பார்த்துக்குங்க, ஆறு மாசம்னு கெடு வச்சாங்க, அவன் இன்னிக்கும்...

— உன் மச்சானுக்குக் கல்லீரல். எனக்கு இடுப்பு. ரெண்டையும் போட்டுக் கலக்காதே.

— சரி, சரி. டீயாவது குடிங்க. அல்சு முக்கோண ரொட்டி சுட்டுக் குடுத்திருக்கா, உள்ளே கறியும் உருளைக்கிழங்கும். ரேடியேட்டர் மேல வச்சிருந்தேன், இன்னும் சூடு ஆறலை.

— குடு. உன் பொண்டாட்டி கைப் பக்குவத்துக்காகவே நான் இத்தனை வருஷம் விழுந்து விழுந்து எழுந்திருக்கேன். ரினாத், கேட்டுக்கோ. உன்கிட்ட ஒரு வேலை ஆகணும்.

— சொல்லுங்க. ஷூ பிளேடுக்குச் சாணை பிடிக்கணுமா?

— இனிமே யாருக்குச் சாணை. ஞாயித்துக்கிழமை நம்ம பெரியவங்க ஸ்கேட்டிங் குழு எனக்கு டீ விருந்து வைக்கிறாங்க, வழியனுப்பி வைக்கிறதுக்கு. நீயும் வரணும். வந்து எழுந்து நின்னு பேசணும்.

— நானா? நான் ஐஸ் போடறவன். நான் என்ன பேசறது?

— அந்த ஆக்ஸலைப் பத்தி. நீ ஒருத்தன்தானே பார்த்தே.

— ஆக்ஸலைப் பத்தியா... அது...

— என்ன, முக்கோணம் தொண்டையில சிக்கிடுச்சா?

— இல்ல. அது பழைய கதையாச்சே, பதினோரு வருஷம் இருக்கும். இப்ப எதுக்கு அது?

— பின்னே வேற எதைப் பேசுவே? நான் எந்தப் போட்டியில ஜெயிச்சேன்? எந்த மெடல் வாங்கினேன்? பெரியவங்க போட்டின்னு கசான் வரைக்கும் ரயில்ல போய் ஒன்பதாவதா வந்தேன். மொத்தமே ஒன்பது பேர். என்கிட்ட இருக்கறது அந்த ஒரு ஆக்ஸல்தான்.

— பேசறதுக்கு எனக்கு வராதே நோன்னா அர்காதியெவ்னா.

— வரும். உன் மச்சான் கதைய மணிக்கணக்குல சொல்றியே. இப்பவே ஒரு தடவை சொல்லிப் பாரு. நம்ம குழுவுல சறுக்கற பல் டாக்டரோட பொண்டாட்டியும் வருவா. அவளுக்கு ஐஸைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அவளுக்கும் புரியணும்.

— சரி. ஆக்ஸல்னா ஒரு குதி. மத்த குதியெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டுக் கிளம்பறது. இது ஒண்ணுதான் போற திசையப் பார்த்துக் கிளம்பறது. இடது கால்ல எம்பி, காத்துல ஒண்ணரைச் சுத்து சுத்தி, வலது கால் ஒண்ணுல பின்பக்கமா இறங்கணும்.

— பரவாயில்லையே. அந்த அரைச் சுத்துதான் ஆளைக் கொல்லும்னு சேர்த்துக்கோ. நாலு வயசுல ஐஸ்ல ஏத்திவிட்ட குழந்தைங்க எட்டு வயசுல அதைப் போட்டுட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிடும். முப்பத்தோரு வயசுல ஏறினவளுக்குப் பதினேழு வருஷம் பிடிச்சுதுன்னு சொல்லு.

— ஏன் முப்பத்தொண்ணு வரைக்கும் ஏறலைன்னு கேட்டா?

— கேட்டா சொல்லு. எட்டு வயசுல எங்கம்மா என்னை விளையாட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. மைனஸ் இருபத்தஞ்சு, ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னோம். கோச் அம்மா என் தொடையத் தடவிப் பார்த்துட்டு, 'மூணு வருஷம் லேட்டு, செஸ்ஸுல சேர்த்துவிடுங்க'ன்னா. வீட்டுக்கு வர்ற வழியிலயே அம்மா செஸ் பலகை வாங்கிட்டா. நான் அந்தப் பலகையில ஒரு ஆட்டம் ஆடலை. ராணியை மட்டும் எடுத்து, உறைஞ்ச ஜன்னல் கண்ணாடியில சறுக்க விட்டுக்கிட்டிருந்தேன்.

— இது எனக்கே தெரியாதே.

— யாருக்கும் தெரியாது. என் புருஷன் கெனாதிக்குக்கூட நான் சொன்னதில்ல.

— அந்த மனுஷனை மறக்க முடியுமா. ஒரு நாள் காலையில இங்க வந்து என் சட்டையப் பிடிச்சாரு பார்த்துக்குங்க. 'என் பொண்டாட்டி அஞ்சரை மணிக்கு எழுந்து உதட்டுக்குச் சாயம் பூசிக்கிட்டு உன்னைப் பார்க்கத்தானே வர்றா'ன்னு கேட்டாரு.

— அவன் உன்னைச் சந்தேகப்பட்டான், மடையன். ஐஸைச் சந்தேகப்பட்டிருக்கணும். சரி விடு, அவன் போய்ச் சேர்ந்த இடத்துல நல்லா இருக்கட்டும். நீ மேல சொல்லு. பிப்ரவரி இருபத்து மூணு, லீவு நாள், யாருமே இல்ல.

— யாருமே இல்ல. நான் வண்டிய வாசல்ல நிறுத்திட்டு டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க பத்துப் பன்னிரண்டு தடவை விழுந்திருப்பீங்க. உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. போதும்னு சொல்லலாம்னு வாயெடுக்கறேன், நீங்க திரும்பவும் கிளம்பிட்டீங்க. எம்பினீங்க. இறங்கினீங்க. விழலை.

— ம். அப்புறம் கோடு.

— அப்புறம்... அது போதாதா? விழலைன்னு சொன்னாலே கை தட்டுவாங்க.

— கோடுதானே கதையே. ஒழுங்கா சொல்லு. பல் டாக்டர் பொண்டாட்டிக்கு என்ன தெரியும்.

— இறங்கின இடத்துல பிளேடு ஐஸ்ல கோடு கிழிக்கும். ஒரே கால்ல இறங்கினா ஒரே கோடு, வளைஞ்சு போகும். இன்னொரு காலும் தரையில பட்டுட்டா பக்கத்துலயே ஒரு கீறல் இருக்கும். பட்டுதா இல்லையான்னு குதிச்சவங்களுக்கே தெரியாது, அந்த வேகத்துல. கோட்டைப் பார்த்தாத்தான் தெரியும். அதனால குதிச்சவங்க வந்து பார்க்கற வரைக்கும் அந்த இடத்துல யாரும் கால் வைக்கறதில்ல.

— வண்டியும் ஏத்தறதில்ல.

— வண்டியும் ஏத்தறதில்ல.

— நீ ஏத்திட்டே.

— ஏத்திட்டேன்.

— குத்தம் சொல்லலை ரினாத். நான்தான் பைத்தியம் மாதிரி கைய விரிச்சுக்கிட்டு உன்கிட்ட ஓடி வந்தேன். நீ போய்ப் பார்த்துட்டு வந்து ஒரு கோடுதான்னு சொன்னே. நான் இந்த பெஞ்சுல உக்காந்து மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதுட்டேன். நிமிர்ந்து பார்த்தா ஐஸ் மொத்தமும் கழுவித் துடைச்ச தட்டு மாதிரி இருந்துது. கண்ணால பார்க்கலையேன்னு கொஞ்ச நாள் உறுத்தல்தான். அப்புறம் யோசிச்சேன், நீ பார்த்தா என்ன, நான் பார்த்தா என்ன.

— டீ ஆறிடுச்சு, வேற ஊத்தறேன்.

— உக்காரு. அதுக்கப்புறம் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன், திரும்ப வரவே இல்ல. ஆனா ஒரு தடவை வந்ததுன்னு இருக்கு பாரு, அது பெரிய விஷயம். நேத்து அந்தப் பொண்ணு இனிமே ஐஸ் கூடாதுன்னு சொன்னப்போ, நான் அழுவேன்னு நினைச்சு கர்ச்சீப்பை எடுத்து வச்சுக்கிட்டா. நான் சரிம்மான்னு சொன்னேன். நிஜமாவே நிம்மதியா சொன்னேன். வந்த வேலை முடிஞ்சுதே, அப்புறம் என்ன.

— ரொம்பச் சந்தோஷம் நோன்னா அர்காதியெவ்னா. அப்படியே நிம்மதியா இருங்க. விருந்து, பேச்சு இதெல்லாம் எதுக்கு? நான் அல்சுவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கே வர்றேன்.

— பேச்சு எதுக்கா? வாதிம் செம்யோனவிச்சுக்காகத்தான். அந்தப் பல் டாக்டர் பதினோரு வருஷமா என்னைக் கிண்டல் பண்றான். 'பார்த்தவனும் வண்டிக்காரன், அழிச்சவனும் வண்டிக்காரன்'னு எல்லார் எதிர்லயும் சொல்றான். ஞாயித்துக்கிழமை அவன் மூஞ்சிக்கு நேரா நீ சொல்லணும். உன் ரெண்டு பொண்ணுங்க மேல சத்தியமா ஒரே கோடுதான்னு சொல்லணும். அதோட அவன் வாய் மூடிடும்.

— பொண்ணுங்க மேலயா.

— ஏன், சும்மா சொன்னா அவன் நம்ப மாட்டான்.

— சத்தியமெல்லாம் வேண்டாமே. நான் சொல்றேன், சாதாரணமா சொல்றேன். எங்க வீட்டுல பிள்ளைங்க தலையில ஆணை வைக்கற பழக்கம் கிடையாது.

— போன வருஷம் உன் மச்சான் குடிய விட்டுட்டான்னு ரெண்டு பொண்ணுங்க மேலயும் ஆணை வச்சியே, இதே பெஞ்சுல.

— அது... அது உண்மை.

— அப்ப இது?

— வண்டி ரொம்ப நேரமா ஓடிக்கிட்டே நிக்குது. நான் போய்...

— ரினாத். என்னைப் பாரு.

— பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்.

— நீ தெர்மாஸைப் பார்க்கறே. என்னைப் பாரு. எத்தனை கோடு?

— பதினோரு வருஷம் ஆச்சு, யாருக்கு ஞாபகம்...

— எத்தனை?

— ரெண்டு.

— ஒண்ணுன்னு சொன்னியே.

— உங்க மூஞ்சி அன்னிக்கு எப்படி இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியாது. நான் நிறைய பேரைப் பார்த்திருக்கேன், மெடல் வாங்கினவங்களைக்கூடப் பார்த்திருக்கேன். அப்படி ஒரு மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல. அதைப் பார்த்துட்டு ரெண்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஒண்ணுன்னு சொல்லிட்டேன். சொன்னதும் பயம் வந்துடுச்சு, நீங்க போய்ப் பார்த்துடுவீங்களேன்னு. அதான் வண்டிய எடுத்தேன். இருபத்தெட்டு வருஷத்துல நான் செஞ்ச ஒரே தப்பு அதுதான் பார்த்துக்குங்க.

— எவ்வளவு நீளம்?

— எது?

— ரெண்டாவது கோடு.

— சின்னதுதான். உங்க சுண்டுவிரல் அளவு இருந்தா அதிகம்.

— இடது கால்.

— ஆமா. லேசா ஒரு உரசல். டிவியில வர்றவங்ககூட அப்படி உரசுவாங்க.

— அவங்களுக்கு நடுவர் மார்க்கைக் குறைப்பாங்க. எனக்கு நடுவர் நீதான்.

— மன்னிச்சுடுங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பதினோரு வருஷம் போயிடுச்சு. ஒவ்வொரு பிப்ரவரியும் நீங்க சாக்லேட் டப்பா கொண்டு வந்து குடுப்பீங்க. வீட்டுல அல்சுவும் பொண்ணுங்களும் தின்பாங்க, எனக்கு ஒண்ணுகூட இறங்காது. இப்ப சொன்னதும் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கு.

— உனக்கு இறங்கிடுச்சு. எங்க இறங்கிச்சுன்னு பார்த்தியா.

— திட்டிடுங்க. நாலு வார்த்தை நல்லா திட்டிடுங்க.

— மணி என்ன?

— ஏழு முப்பத்தெட்டு.

— ஐஸ் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

— பத்து நிமிஷம். எதுக்குக் கேக்கறீங்க?

— அப்ப எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு.

— எதுக்கு? நோன்னா அர்காதியெவ்னா, அந்தப் பையை ஏன் திறக்கறீங்க? ஷூவைக் கீழ வைங்க.

— லேஸைக் கட்டிவிடு. என்னால குனிய முடியலை.

— மாட்டேன். செத்தாலும் மாட்டேன். இப்பத்தானே சொன்னீங்க, விழுந்தா படுத்த படுக்கைன்னு. உங்க வீட்டுல உங்களைப் பார்த்துக்க யார் இருக்கா?

— யாரும் இல்ல. சரி விடு, நானே கட்டிக்கறேன்.

— ஒரு கோடுதான். கேளுங்க, ஒரே கோடுதான். இப்பத்தான் பொய் சொன்னேன். அந்த விருந்துல எழுந்து பேச வெட்கப்பட்டுக்கிட்டு, தப்பிச்சுக்கலாம்னு ரெண்டுன்னு சொல்லிட்டேன்.

— பொண்ணுங்க மேல ஆணை வை.

— ...

— பாவம் நீ ரினாத். உனக்கு ஒழுங்கா பொய் சொல்லவும் வரலை, ஒழுங்கா நிஜம் சொல்லவும் வரலை. தள்ளிக்கோ.

— தள்ள மாட்டேன். கதவுல சாஞ்சு நின்னுட்டேன், என்னை மீறிப் போக முடியாது. இருபத்தெட்டு வருஷம் எம்பினீங்க, வரலை. ஐம்பத்தொன்பது வயசுல, அந்த எலும்பை வச்சுக்கிட்டு, பன்னிரண்டு நிமிஷத்துல வந்துடுமா? வராது. உங்களுக்கே தெரியும், வராது.

— தெரியும்.

— தெரிஞ்சும் எதுக்குப் போறீங்க? டாக்டர்கிட்ட சரின்னு சொன்னேன்னீங்களே. நிம்மதியா சொன்னேன்னீங்களே.

— அப்படிச் சொன்னவ ஆக்ஸல் போட்டு முடிச்சவ. நான் இன்னும் ஒண்ணுகூடப் போடலையே ரினாத். கதவைத் திற.