பலகைக்கு அந்தப் பக்கம் பெற்றீசியா மிஸ்

இல்லைங்க ஐயா, லாபிர் முதலாளி குடுத்த முறைப்பாட்டுல பொய் ஒண்ணும் இல்ல. மத்தியஸ்த சபையில வந்து உக்காந்துக்கிட்டு நான் ஏன் மறைக்கணும்? அவரோட பெரிய மக எங்கிட்ட இங்கிலீஷ் படிக்கிறா, சின்னவ என் சம்சாரத்துக்கிட்ட. ரெண்டு பேருக்கும் ஒரே டியூஷன் ஹோல்தாங்க, நடுவுல பலகை அடிச்சு மறைச்சிருக்கு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பெற்றீசியா மிஸ். ஆமா, வெளிய கதிரையில உக்காந்திருக்காங்களே, அவங்கதான். பிள்ளைங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் மிஸ்னே வாய்க்கு வந்திருச்சு.

விசயம் இதுதாங்க. நேத்து, போன வாரம்னு எப்பன்னு சொல்லிட்டா இங்கிலீஷ்ல ஹேவ் போடக் கூடாது. ஐ வென்ட் டு கேண்டி எஸ்டர்டே, அவ்வளவுதான். நான் ஐ ஹேவ் கோன் டு கேண்டி எஸ்டர்டேன்னு படிச்சுக் குடுத்தேன். பெரியவ அதை அப்படியே சோதனையில எழுதிட்டா. சின்னவ அது பிழைன்னு சொல்ல, சோத்துத் தட்டுக்கு முன்னால ரெண்டும் முடியைப் பிடிச்சு சண்டையாம். பாவம் மனுசன், அக்குறணையில கடையைப் பார்ப்பாரா, இதைப் பார்ப்பாரா.

சத்தமா? கட்டுகஸ்தோட்டை பாலத்துல நிக்கிறவனுக்கும் கேக்கும்ங்க. நான் ஹேவ் கோன்னு சொல்லி வாய் மூடல, வென்ட், வென்ட்னு அந்தப் பக்கம் பலகையில அடி விழும். நானும் விடமாட்டேன், வேற ஒண்ணு கேப்பேன். ஒரு நாள் ஹேவ் யூ ஈட்டன்னு மிஸ் உதாரணம் சொன்னாங்க. பிள்ளைங்களுக்குத்தான் சொன்னாங்க. நான் இங்கயிருந்து, நோ மிஸ், நொட் யெட்னேன். அன்னைக்கு ரொட்டி சூடா வந்துச்சுங்க.

என்னங்க, தெரியாமத்தான் பிழையா சொன்னேனான்னா? தலை நரைக்கிற வரைக்கும் இதையே படிச்சுக் குடுத்தவன் ஐயா நான். வேணும்னுதான் சொல்றேன்.

சிரிக்காதீங்க. மக அஷ்வினி கல்யாணம் முடிச்சு இத்தாலிக்குப் போனதுல இருந்து எங்க வீட்டுல பேச்சு நின்னு போச்சு. சண்டை சச்சரவு ஒண்ணுமில்ல, பேச விசயம் இல்ல. தேத்தண்ணியை மேசையில வச்சிட்டு அவங்க போயிடுவாங்க, நான் குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பேன். ஒரு நாள் வாய் தவறி ஹேவ் போட்டேன் பாருங்க, அந்தப் பக்கமிருந்து குரல் வந்துச்சு. எனக்கு அழுகையே வந்திருச்சுங்க. அதுல இருந்து தினம் ஒரு பிழை.

லாபிர் முதலாளி மகளுக்கு நானே திருத்திச் சொல்லிக் குடுத்திடுறேன், அது என் பொறுப்பு. ஆனா சமாதானம் ஆயிடுச்சுன்னு எழுதி மட்டும் முடிச்சிடாதீங்க ஐயா. இன்னொரு நாளைக்கு வரச் சொல்லித் தவணை போடுங்க. இன்னைக்கு வர்றப்ப பஸ்ஸுல மிஸ் பக்கத்துலயே உக்காந்தாங்க. சபையில என்ன சொல்லப் போறீங்கன்னு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாங்க, தமிழ்ல. வழக்கு முடிஞ்சிட்டா திரும்பிப் போறப்ப நாங்க என்னத்தைங்க பேசுறது?