கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை

வீட்டிலேயே இசைப் பதிவு செய்யப்போகிறேன் என்று யார் வந்து யோசனை கேட்டாலும், முதலில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் பதிவு செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். விலை உயர்ந்த மைக் எல்லாம் அப்புறம். பாதி இரைச்சல் நம் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும். நமக்குத்தான் பழகிப்போயிருக்கும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். கடையில் எனக்குப் 'பாம்புக் காது' என்று பெயர். தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வயலின் வாசித்து, நானே பதிவு செய்வேன். பதினோரு நிமிடம் வரும் ஒரு பாட்டு, நானே மெட்டமைத்தது. இரண்டு வருடமாக அதற்காகத்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது அது பிசிறில்லாமல் பதிவாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது.

ஃப்ரிட்ஜை அணைத்தேன். மின்விசிறியை அணைத்து வியர்வையில் குளித்தேன். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் 'ம்ம்' என்ற முனகல் நின்றது. கேபிளை மாற்றினேன், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். அப்படியும் நடுநடுவே சிவப்பு விளக்கு எரிந்தது. தாங்கும் அளவுக்கு மேல் சத்தம் வந்தால் எரிகிற விளக்கு அது. அந்த இடத்தில் ஒலியின் தலை வெட்டுப்பட்டு, பதிவு கரகரவென்று உடைந்துபோகும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். நான் மெதுவாக வாசிக்கிற இடத்தில் அது ஏன் எரிய வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

காரணம் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்த சுவர். அந்தப் பக்கம் கணவனும் மனைவியுமாக இருவர். அவர் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர், எதிரே வந்தால் சிரிப்பார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சுவரில் மோதியது அவள் தலையா தோளா என்று அப்போது எனக்குத் தெரியாது. தோள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இரைச்சலை மட்டும் தனியாகச் சில நொடி பதிவு செய்து மென்பொருளுக்குக் காட்டினால், அதை அடையாளம் வைத்துக்கொண்டு பாட்டிலிருந்து நீக்கிவிடும். அதற்காக அவள் அழுகையைத் தனியாகச் சேர்த்தேன். மொத்தம் நாற்பத்தொரு துண்டுகள். தேதியும் நேரமும் போட்டிருக்கிறேன், நீங்கள் எடுத்துப்போன கம்ப்யூட்டரில் இருக்கும். ஆனால் மின்விசிறியைப் போல அவள் ஒரே சீராக அழுவதில்லை. மென்பொருள் திணறியது.

சண்டைக்குப் போகிற ஆள் இல்லை நான். ஒரு நாள் மாடிப்படியில் அவள் கணவரிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மேல நான் ரெக்கார்டிங் பண்றேன். சத்தம் கொஞ்சம் இந்தப் பக்கம் வருது."

அவர் முகம் ஒரு கணம் செத்துப்போனது. "சுவரு ரொம்ப மெல்லிசு சார். அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

அவர் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். உங்கள் வீட்டில் பின்னால் ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று இருக்கிறதே, அதைச் சரிசெய்து தருகிறேன் என்றேன். இரண்டு நாள் லீவு போட்டேன். நாலு சுவருக்கும் பஞ்சுப் பாளம் வைத்து, மேலே கனத்த பலகை அடித்தேன். அந்தப் பெண்தான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அண்ணே, இதுக்குள்ள இருந்து கூப்பிட்டா வெளிய கேக்குமா?"

"துளி சத்தம் வராதும்மா" என்றேன். செய்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது, அதை மறைக்கவில்லை.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? உள்ளே நின்று எதையாவது பேசு என்று அவளிடம் சொன்னேன். அவர் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு என்னோடு என் வீட்டுக்கு வந்தார். ஹெட்ஃபோன் ஒன்றுதான் இருந்தது. அதை நான் மாட்டிக்கொண்டு, மைக்கின் அளவை முழுக்க ஏற்றினேன். மிக மெலிதாகக் குரல் வந்தது.

"அண்ணே, கேட்டுச்சுன்னா எங்க அக்காவுக்குப் போன் பண்ணுங்க. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

பிறகு நம்பரைச் சொன்னாள். எட்டு எண்கள் கேட்டன. கடைசி இரண்டும் அதற்குப் பின்னால் சொன்னதும் புரியவில்லை.

"என்ன சார், கேக்குதா?" என்றார் அவர்.

"லேசா" என்றேன்.

திரும்பிப் போய்க் கதவைத் திறந்தோம். அவள் கணவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"கேட்டுச்சா அண்ணே?"

"கொஞ்சம் கேட்டுச்சும்மா."

அவள் முகம் மலர்ந்தது. அந்தப் பெண் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்து, அளந்து வெட்டி ஒட்டினேன். மறுபடி சோதித்தபோது ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் நிம்மதியாக வாசித்தேன். ஆறாவது ஞாயிறு, நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே அவள் இறந்துபோனாள் என்கிறீர்கள். இருக்கலாம். அந்த நேரத்துப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். ஒரு தடவைகூடச் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதைத்தான் கடைசிப் பிரதியாக வைத்திருக்கிறேன்.

நம்பர் முழுதாகக் கேட்டிருந்தால் கட்டாயம் கூப்பிட்டிருப்பேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். ஹெட்ஃபோனில் கேட்கவில்லை என்பது நிஜம். ஆனால் அந்தச் சோதனையையும் பதிவு செய்திருந்தேன் ஐயா. மங்கலான ஒலியைத் துலக்குவது எனக்குக் கைவந்த வேலை. மறுநாள் ஐந்தே நிமிடத்தில் துலக்கிவிட்டேன். பத்து எண்ணும் தெளிவாக வந்தன. நம்பருக்குப் பின்னால் அவள் சொன்னதும் தெளிவாக வந்தது.

"நீங்க வாசிக்கிறதை நான் சுவத்துல காது வெச்சுக் கேப்பேன் அண்ணே. ரொம்ப நல்லா இருக்கும்."

அந்தப் பாட்டை நன்றாக இருக்கிறது என்று சொன்னது அவள் ஒருத்திதான். அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை அழித்துவிட்டேன்.