பச்சை மைக்குக் கீழே ஐந்து கையெழுத்து

"ஹலோ... அக்கா? ஆமா, நான்தான். கேக்குதா? இங்க ஒரே இரைச்சல், லாரி ஏத்துற இடத்துல நிக்கிறேன்... இல்ல இல்ல, மீட்டிங் நாலு மணிக்குத்தான். அது கிடக்கட்டும். நான் சொல்றத முதல்ல கேளுங்க."

ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு அவள் இரண்டு லாரிகளுக்கு நடுவே நடந்தாள். ஆறடி போவதும் திரும்புவதுமாக இருந்தாள். கக்கத்தில் இடுக்கியிருந்த தாள் வியர்வையில் ஒட்டியது.

"மாவு பிசையற மெஷினுக்குப் புதுசா ஒரு தாள் போட்டோமே, சுத்தம் பண்ற முறை, படம் போட்டு... ஆமா ஆமா, மெஷின் பக்கவாட்டுல ஒட்டுறது. அதேதான். அதுல தப்பு இருக்குக்கா... இல்ல, சின்னத் தப்பு இல்ல. மூணாவது கட்டத்துல மூடியத் திறந்து உள்ள கைய விட்டு ஒட்டின மாவ எடுன்னு போட்டிருக்கு. நாலாவதுலதான் மெயின் சுவிட்ச அணைன்னு இருக்கு... ஆமா. முதல்ல கை, அப்புறம் சுவிட்ச். படத்த அடுக்கும்போது மூணும் நாலும் இடம் மாறிப்போச்சு."

ஆவணப் பிரிவில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். கம்பெனியில் எந்தத் தாளும் ஆறு பேர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. ஒருவர் மேஜையிலிருந்து அடுத்தவர் மேஜைக்கு என்று வரிசையாகப் போகும். முதல் கையெழுத்து தர ஆய்வில் இருக்கும் அக்காவுடையது, பச்சை மையில். ஆறாவது அவளுடையது. அக்காவுக்குத் தொழிற்சாலை முழுக்க 'பூதக்கண்ணாடி' என்று பெயர். ஒரு திருகாணியின் அளவு தப்பாக அச்சாகியிருந்ததற்காக ஒரு முழு நாள் உற்பத்தியை நிறுத்தியவள். அந்தப் பெருமையிலேயே மற்ற ஐந்து பேரும் பல வருடமாக நிம்மதியாக இருந்தார்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்சேனா? சிரிக்காதீங்க. மீட்டிங்ல காட்ட ஒரு உதாரணம் வேணும்னு எடுத்தேன். ஒரு தாளுக்கு ஆறு கையெழுத்து வாங்க பத்தொன்பது நாள் ஆகுதுன்னு காட்டலாம்னு. அப்படியே எத்தன வரி இருக்குன்னு எண்ணுனேன். எண்ணும்போதுதான் படிச்சேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் படித்தாள் என்றால், கையெழுத்துப் போட்டபோது?

அதைவிட அசிங்கமான ஒன்று அவளுக்குள் கிடந்தது. தப்பைப் பார்த்த அந்த முதல் நொடியில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. மாட்டினீர்களா எல்லோரும் என்று மனசு துள்ளியது. இரண்டு வருடமாக அவள் சொல்லி வந்த மாற்றத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆறு பேருக்குப் பதில் மூன்று பேர் போதும். மூவருக்கும் ஒரே நேரத்தில் தனித்தனிப் பிரதி போக வேண்டும். ஒருவர் கையெழுத்து இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. எதைச் சோதித்தேன் என்று அவரவர் கைப்பட ஒரு வரி எழுத வேண்டும். துள்ளலுக்குப் பிறகுதான் விரல்கள் ஞாபகம் வந்தன. யாரோ ஒருவருடைய, மாவு ஒட்டிய விரல்கள்.

"அண்ணே! அண்ணே, அந்தப் பெட்டிய ஏத்தாதீங்க. ஒரு நிமிஷம்ணே!... உங்கள இல்லக்கா. இங்க சூப்பர்வைசர் ஏத்திக்கிட்டே இருக்காரு. நாப்பது மெஷின். எல்லாத்துலயும் இந்தத் தாள ஒட்டியாச்சு. நிறுத்துங்கன்னா பேப்பர் கொண்டாங்கறாரு. நிறுத்துறதுக்கும் அதே ஆறு கையெழுத்தாம். இந்த விதிய டைப் பண்ணினதே நான்தான், யாரச் சொல்லி நோக?"

சூப்பர்வைசர் அவளைப் பார்த்து ஆறு விரலைக் காட்டினார். பிறகு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அக்கா, உங்க போனுக்கு அந்தத் தாளப் படம் புடிச்சு அனுப்பியிருக்கேன். பாத்தீங்களா?... பாத்தீங்களா? சரியாத்தான் இருக்கா? என்னக்கா சொல்றீங்க? நல்லாப் பெருசு பண்ணிப் பாருங்க. மூணாவது கட்டம்... என்ன போட்டிருக்கு? படிங்க."

வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினாள்.

"சுவிட்ச அணைன்னா? இல்லக்கா. அது பழைய தாள்ல. பழசுதான் நமக்கு மனப்பாடமாச்சே. நான் கேக்கறது புதுசு. அங்க ஒரு படம் இருக்கு பாருங்க, மூணாவதுல. என்ன படம் அது?... என்ன கலர்ல இருக்கு?... அக்கா?... ஹலோ?"

மறுமுனையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. லைன் அறுபடவில்லை.

ஏழெட்டு மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தவை எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன. கோப்பை நீட்டினால் "வச்சிட்டுப் போ, சாயங்காலமா பாக்கறேன்" என்று அக்கா சொல்ல ஆரம்பித்தது. "எதுல மாத்தம் பண்ணியிருக்கே, வாயால சொல்லு" என்று கேட்டது. கையெழுத்து கோட்டை விட்டு நழுவி, பக்கத்துக் கட்டத்துக்குள் சாய்ந்து கிடந்தது. இன்று கண் ஆஸ்பத்திரிக்கு என்று அரை நாள் லீவு. வயசாகிவிட்டது, கண்ணாடி மாற்றுகிறாள் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, கேட்கவில்லை.

"அக்கா... கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

இந்த முறை நடக்காமல் நின்றாள்.

"எப்பலேருந்து?... நடுவுல மட்டுமா? ஓரத்துல தெரியுது, நேராப் பாத்தா... ம்... ம்... அழாதீங்க. டாக்டர் என்ன சொல்றாரு?... திரும்பாதா?... யார்கிட்டயும் சொல்லலயா? மாமாகிட்டகூடவா?... ஐயோ அக்கா."

லாரியின் பின்கதவை யாரோ ஓங்கிச் சாத்தினார்கள். அவள் திடுக்கிட்டாள்.

"இருங்க இருங்க, வண்டி கிளம்பப் பாக்குது... என்ன, சூப்பர்வைசர்கிட்ட போனக் குடுக்கணுமா?"

கொடுத்தால் முடிந்தது. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் லாரி நிற்கும். இந்த வளாகத்தில் அந்தக் குரலுக்கு அவ்வளவு மதிப்பு. அவள் போனைக் காதிலிருந்து எடுத்து நீட்டக்கூடப் போனாள். நீட்டிய கை பாதியில் நின்றது. தாள் வெளியே போனதும் இப்படித்தானே? அக்கா சொன்னாள் என்று ஒருவர், அக்கா போட்டிருக்கிறாள் என்று இன்னொருவர். சொல்கிறவளுக்குத் தாள் தெரியவில்லை. கேட்கிறவர் தாளைப் பார்க்கப்போவதில்லை.

"வேணாம்க்கா. லைன்லயே இருங்க."

கக்கத்திலிருந்த தாளை எடுத்துச் சூப்பர்வைசரின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணே, கையெழுத்தப் பாக்காதீங்க. அத மடிச்சிடறேன், இந்தாங்க. மூணையும் நாலையும் மட்டும் படிங்க. உங்க கைய மெஷினுக்குள்ள விடறதா நினைச்சுக்கிட்டுப் படிங்க."

அவர் சலித்துக்கொண்டு வாங்கினார். உதடுகள் மெல்ல அசைந்தன. ஒருமுறை முடித்துவிட்டு, மறுபடி மேலே போனார். இரண்டாவது முறை உதடு நடுவிலேயே நின்றுவிட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஓட்டுநரிடம் போய், கையை உள்ளே நீட்டிச் சாவியை உருவிக்கொண்டு வந்தார்.

"நிறுத்திட்டாருக்கா... இல்ல, யார் கையெழுத்தும் இல்ல. படிச்சாரு, நிறுத்திட்டாரு. அவ்வளவுதான்."

ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பெட்டிமேல் உட்காரக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது.

"ம்... சொல்லுங்க... ம்... மீட்டிங்ல என்ன சொல்லப் போறேன்னா? நான் படிக்காமப் போட்டேன்னு சொல்லப் போறேன். அக்கா பச்சையில போட்டிருக்காங்க, அப்புறம் எனக்கென்னன்னு போட்டேன். அதுதானே நிஜம்?... இல்லக்கா, பெருந்தன்மையெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு... உங்களப் பத்தியா?"

கம்பிப் படியின் உச்சியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மீட்டிங்குக்குக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தட்டித் தட்டி ஓரம் சேர்த்தார்.

"நானா எதுவும் சொல்லமாட்டேன்... ஆமா, முதல் கையெழுத்துப் போட்டவங்க கண்ணுல எப்படிப் படாமப் போச்சுன்னு கேப்பாங்க. கேக்கத்தான் செய்வாங்க... அசதின்னு சொல்லவா? தலைவலின்னா?... அக்கா, ரிட்டயர் ஆகப் பதினோரு மாசம்தான் இருக்கு, எனக்குத் தெரியும். பென்ஷன், மாமா உடம்பு, எல்லாம் தெரியும்... தெரியும்க்கா. ஆனா அடுத்த தாளும் உங்ககிட்டதானே வரும்? அதுக்கடுத்தது? எத்தன தாள நான் ஓடிப்போய் நிறுத்துவேன்?"

தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது. தணித்துக்கொண்டாள்.

"கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்க்கா. கோவிச்சுக்கோங்க. திட்டுங்க, வாங்கிக்கறேன்... ம்... இந்த ஏழு மாசத்துல போட்டதெல்லாமா? எவ்வளவு இருக்கும்?... முப்பத்திரண்டா? எண்ணி வச்சிருக்கீங்களா?"

தூங்காமல் எண்ணியிருப்பாள். எந்தத் தாளில் எங்கே யாருடைய கை இருக்கிறதோ என்று, தினமும் படுத்துக்கொண்டு எண்ணியிருப்பாள். தான் மட்டும் நன்றாகத் தூங்கினோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"அந்த முப்பத்திரண்டையும் நாளைக்கே எடுத்துப் படிக்கறேன். நான் சத்தமாப் படிக்கறேன், நீங்க கேளுங்க. தப்பு இருந்தா உங்க காதுக்குத் தெரியாமப் போகாது... என்னது?... நீங்களேவா? யார்கிட்ட, மேனேஜர்கிட்டயா? இப்பவா? வேணாம்க்கா, அவசரப்படாதீங்க. மாமாகிட்ட முதல்ல ஒரு வார்த்தை... மீட்டிங் முடியட்டும், நான் நேர்ல வர்றேன், சேந்து போயி... அக்கா, இருங்க. வைக்காதீங்க. அக்கா..."

லைன் அறுபட்டது.

உடனே திரும்ப அடித்தாள். வேறு இணைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தாள். அதே பதில்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் மேஜைப் போனை எடுத்தார். யாரென்று தெரிந்ததும் வழக்கமான சிரிப்பு வந்தது. காகிதங்களை விட்டுவிட்டு, எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏற்றியதையெல்லாம் இறக்கச் சொல்லிச் சூப்பர்வைசர் சத்தம் போட்டார். அவள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு லாரிக்குள் ஏறினாள். முதல் பெட்டியைப் பிரித்து, மெஷினில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார்கள். சுலபத்தில் வரவில்லை.