பாதம் கழுவிய தண்ணீர் ஏன் கலங்கவில்லை

மேடை ஓரத்தில் இருக்கும் அந்த எவர்சில்வர் பேசினைப் பாருங்கள். சற்று முன் மாணவத் தலைவர்கள் பன்னிரண்டு பிள்ளைகளின் பாதம் கழுவிய தண்ணீர் அது. அள்ளிக் குடிக்கலாம் போலத் தெளிந்து கிடக்கிறது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். அதைப் பற்றிப் பேசும் முன், வணக்கத்தை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களே, ஆசியுரை வழங்கிய தாளாளர் அருட்தந்தை இன்னாசிமுத்து அவர்களே, அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வெயிலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இன்று தோளில் பட்டையும் பதவியும் பெற்ற மாணவத் தலைவர்களே, மண்ணில் அமர்ந்திருக்கும் என் தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் ஆனிமேரி. இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். இப்போது இதே பள்ளியின் விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். பணியாளர்கள் சார்பில் இரண்டு நிமிடம் நன்றி சொல்லச் சொன்னார்கள். என் குரல் சின்னது. மைக்கைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், அண்ணே.

தலைமை என்பது தொண்டு என்றார்கள்; கைதட்டினோம். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்று வாசித்தார்கள். கண் மூடிக் கேட்டோம். நான் ஒன்று கேட்கிறேன். அவர் கழுவும் முன்பே அந்தப் பாதங்களை யாராவது கழுவி வைத்தார்களா? சொல்லுங்கள், யார் சோப்புப் போட்டார்கள்?

இங்கே நான் போட்டேன். இன்று காலை எட்டு மணிக்கு, சமையலறைக் குழாயடியில். "ஆனியக்கா, பன்னெண்டு பேரையும் நல்லாத் தேச்சு அனுப்புங்க. போட்டோ எடுக்க ஆள் வருது" என்றாள் மாணவத் தலைவி ஆர்த்திகா. தேய்த்தேன்.

கடைசியாக நின்றவள் ஆறாம் வகுப்பு முத்துச்செல்வி. ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் வயல் வழியே நடந்து வந்து பஸ் பிடிக்கிற பிள்ளை. அறுந்த செருப்புக்கு ஊக்கு மாட்டியிருப்பாள். குதிகாலில் வெடிப்பு, பெருவிரலில் புண். ஆர்த்திகா குனிந்து பார்த்தாள்.

"இந்தக் காலையா நான் கழுவணும்?"

"ஊக்கு குத்திருச்சுக்கா. வலிக்கல."

"எனக்குப் பாக்கவே வலிக்குதுடி. போ, உங்க கிளாஸ் ஐரினை வரச் சொல்லு. அவ ஷூ போட்டு வாரவ."

சிரிக்கிறீர்கள். அங்கேயும் சிரித்தார்கள். "எம்புட்டு வெடிப்புடி, வைகை காஞ்ச மாதிரி" என்றாள் ஒருத்தி. நான் என்ன செய்தேன்? ஐரினின் காலுக்குச் சோப்புப் போட்டேன். என் கோபத்தில் பாதி என் மேல்தான்.

முத்துச்செல்வி பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, நாளைலருந்து நான் பள்ளிக்கூடம் வரல. அம்மாகிட்ட வேற ஏதாச்சும் சொல்லிக்கிறேன்."

அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். கிழிந்த சீருடைக்காக என்னை அசெம்பிளியில் பின்வரிசைக்கு நகர்த்திய அன்று, நானும் அதையேதான் சொன்னேன். ஏன் என்று கேட்க ஒரு தலைவியும் வரவில்லை. மேடைப் பதாகையில் தொண்டு இருந்தது. என் வீட்டு வாசலுக்கு வர ஒரு கால்கூட இல்லை.

தலைவர்களே, அழுக்கே இல்லாத காலைக் கழுவத் தலைமை எதற்கு? புண்ணே இல்லாத விரலைத் தொடப் பட்டை எதற்கு? மணக்கிற பாதத்துக்கு முன் மண்டியிட மேடை எதற்கு? நீங்கள் கழுவியது பாதத்தை அல்ல. புகைப்படத்தை.

சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். முடித்துவிடுகிறேன், சிஸ்டர்.

ஆர்த்திகா, அழாதே. உன்னை அழவைக்க நான் மேடை ஏறவில்லை. முத்துச்செல்வி இன்னும் போகவில்லை. மத்தியான பஸ்ஸுக்காகக் குழாயடித் திட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இருபது நிமிடம் இருக்கிறது. வருவதானால் வா. வராவிட்டால் நீ பாதம் துடைத்த அந்தத் துண்டையாவது கொடு.

இதுவரை பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், என் சின்னக் குரலுக்காக மைக்கைக் கூட்டி வைத்த அண்ணனுக்கும் நன்றி. கைகூப்பி வணக்கம் சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள். பேசினைக் கையில் எடுத்துவிட்டேன். குழாயடிக்குப் போகிறேன்.